பெற்றோரும் வளர்ந்த பிள்ளைகளும் தம் உறவை எவ்வளவு ஒத்துப் பார்க்கிறார்கள் என்பதை எப்படி அளப்பது?

காரைக்குடி ஆய்வு மாணவி:

அனைவருக்கும் வணக்கம். சமூகப்பணித் துறையில் முனைவர் பட்டத்துக்காக ஆய்வு செய்து வருகிறேன். தேவகோட்டை, கண்டனூர், கோட்டையூர், பள்ளத்தூர் ஆகிய செட்டிநாட்டு ஊர்களில் பெரிய வீட்டைக் காத்துக்கொண்டு தனியாகவோ தம்பதியாகவோ வாழும், 60 வயதைக் கடந்த பெற்றோர் ஒருவர். பிழைப்புக்காகச் சென்னையிலோ பெங்களூரிலோ சிங்கப்பூரிலோ குடியேறிவிட்ட அவருடைய பிள்ளை ஒருவர். இப்படி இணை இணையாக எடுத்துக்கொண்டு, இருவரிடமும் ஒரே வினாப்பட்டியலைத் தனித்தனியே கொடுத்து விடை வாங்கியிருக்கிறேன். இதுவரை 58 இணைகள் சேர்ந்துள்ளன.

வினாப்பட்டியலின் முதற்பகுதியில் ஆறு கேள்விகள் உள்ளன. உங்களுக்குள் நெருக்கம் எவ்வளவு, அவர் உங்களைப் புரிந்துகொள்கிறாரா, மனம் விட்டுப் பேச முடிகிறதா என்ற வகையிலானவை. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் என்பதால் ஒருவருடைய கூட்டுத்தொகை 6க்கும் 30க்கும் இடையில் அமையும். தென் கலிபோர்னியாவில் வெர்ன் பெங்ட்சனும் அவருடைய குழுவினரும் 1971ல் தொடங்கிய தலைமுறைகள் பற்றிய நெடுங்கால ஆய்வின் கேள்விகளைத் தழுவி இவற்றைத் தமிழில் அமைத்தேன். இரண்டாம் பகுதியில் எத்தனை நாளுக்கு ஒருமுறை பேசுகிறார்கள், ஆண்டில் எத்தனை முறை ஊருக்கு வருகிறார்கள், பண உதவி யார் யாருக்குச் செய்கிறார்கள் என்ற விவரங்கள் உள்ளன.

என் சிக்கல் இதுதான். பெற்றோரின் கூட்டுத்தொகைக்கும் பிள்ளைகளின் கூட்டுத்தொகைக்கும் ஒட்டுறவுக் கெழு (இரண்டும் எவ்வளவு சேர்ந்தே ஏறி இறங்குகின்றன என்று சொல்லும் எண்) நல்ல உயரத்தில் வந்திருக்கிறது. ஆகவே இரு தலைமுறையினரும் உறவை ஒரே விதமாகவே பார்க்கிறார்கள் என்று ஆய்வேட்டில் எழுதிவிடலாம் என்கிறார் என் நெறியாளர். ஆனால் விடைத்தாள்களை இரண்டிரண்டாகப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆத்தா (இந்தப் பக்கத்தில் தாய்) 5 போட்ட இடத்தில் மகள் 3 போட்டிருப்பதும், அப்பச்சி (தந்தை) 4 போட்ட இடத்தில் மகன் 3 போட்டிருப்பதும் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகின்றன. ஒத்த பார்வையைச் சொல்ல எந்த ஓர் எண்ணைக் கொடுப்பது சரி? இரண்டு தொகைகளின் வித்தியாசத்தை எடுத்துக்கொண்டு, 5க்கு மேல் போனால் அதைப் பார்வை வேறுபட்ட குடும்பம் என்று வகைப்படுத்தலாமா?

புள்ளிக்கணக்கு:

உங்கள் கண்ணில் பட்டது உண்மை. நெறியாளர் சொன்ன எண்ணும் உண்மை. ஆனால் அந்த எண் நீங்கள் கேட்ட கேள்விக்கு விடையன்று.

ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஐந்து வீடுகளில் பெற்றோர் 28, 26, 24, 22, 20 என்று மதிப்பெண் தருகிறார்கள். அவரவர் பிள்ளைகள் 23, 21, 19, 17, 15 என்று தருகிறார்கள். ஒவ்வொரு வீட்டிலும் பிள்ளை ஐந்து மதிப்பெண் குறைவாகவே சொல்கிறது. ஒரு வீட்டில்கூட இருவர் சொல்லும் எண் ஒன்றாக இல்லை. ஆனாலும் பியர்சன் ஒட்டுறவுக் கெழு இங்கே 1, அதாவது முழுமை. ஏனென்றால், எந்த வீட்டுப் பெற்றோர் மற்ற பெற்றோரைவிட அதிகம் சொல்கிறாரோ அந்த வீட்டுப் பிள்ளையும் மற்றப் பிள்ளைகளைவிட அதிகம் சொல்கிறதா, அந்த ஏற்ற இறக்கம் ஒரே சீராக இருக்கிறதா என்ற வரிசைப் போக்கைத்தான் அந்தக் கெழு பார்க்கிறது. அளவு ஒன்றா என்று அது கேட்பதே இல்லை. இதே எண்களுக்கு 1989ல் லின் வகுத்த இசைவுக் கெழுவைக் கணக்கிட்டால் 0.4 அளவுக்கு இறங்கிவிடும், ஏனெனில் சராசரிகளுக்கு இடையிலான இடைவெளிக்கும் அது அபராதம் போடுகிறது.

செட்டிநாட்டுக்காரர்களுக்கு இதைச் சொல்ல வேறு உவமை தேட வேண்டியதில்லை. பர்மாவில் வட்டித்தொழில் செய்த காலத்து ரங்கூன் கடைப் பேரேட்டில் எழுதிய தொகையும் ஊரில் முதலாளி வைத்திருந்த குறிப்பும் ஒன்றாக ஏறி இறங்கின என்பதால் மட்டும் ஐந்தொகை சரியாகிவிட்டது என்று எந்தக் கணக்குப்பிள்ளையும் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார்.

ஆகவே ‘ஒத்த பார்வை’ என்ற சொல்லைக் குறைந்தது இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒன்று வரிசை ஒத்திருப்பது, மற்றொன்று அளவு ஒத்திருப்பது. முதலாவதுக்கு நீங்கள் கண்ட ஒட்டுறவே போதும். இரண்டாவதுக்கு, இரு சராசரிகளுக்கும் இடையிலான இடைவெளி தற்செயலானதா என்று பார்க்கும் இணை டி-சோதனையும், லின் கெழுவோ, இணைக்குள் இருவரின் அளவும் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்று சொல்லும் இன்ட்ராகிளாஸ் கெழுவோ வேண்டும். இன்ட்ராகிளாஸ் கெழுவில் பல வடிவங்கள் உண்டு என்பதால் அங்கே கவனம் தேவை. புள்ளியியலாளர் பிஷர் அதை விளக்கியபோது எடுத்துக்கொண்டது சகோதரர் இருவரின் அளவுகளை. அங்கே யார் முதல், யார் இரண்டாவது என்ற பேச்சே கிடையாது. உங்கள் இணைகளில் ஒருவர் பெற்றோர், மற்றவர் பிள்ளை என்பது தெளிவு. ஆகையால் இரு தரப்பையும் பிரித்தறியும் வடிவத்தை எடுத்து, முழு இசைவு, வரிசை இசைவு என்ற இரண்டில் எதைக் கணக்கிட்டீர்கள் என்பதை ஆய்வேட்டில் மறக்காமல் எழுதுங்கள். மென்பொருள் தானாக எதையோ ஒன்றைக் கொடுக்கும். வாய்மொழித் தேர்வில் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

பெற்றோர் சராசரி கூடுதலாக வருவதைப் பிழை என்று எண்ணிவிடாதீர்கள். பெங்ட்சனும் கைப்பர்ஸும் 1971லேயே இதற்கு ஒரு விளக்கம் சொன்னார்கள். தம் வாழ்வின் தொடர்ச்சியைப் பிள்ளையிடம் காணும் பெற்றோருக்கு அந்த உறவில் போட்ட முதல் அதிகம். தன் காலில் நிற்க விரும்பும் பிள்ளைக்குத் தான் வேறானவன் என்று காட்டிக்கொள்ளும் தேவை அதிகம். அதனால் ஒரே உறவைப் பெற்றோர் சற்று நெருக்கமாகவும் பிள்ளைகள் சற்றுத் தள்ளியும் சொல்வார்கள் என்பது அந்தக் கருத்து. எனவே உங்கள் தரவில் அந்த இடைவெளி இருந்தால் அதைக் கண்டுபிடிப்பாகவே எழுதுங்கள், ஒற்றை எண்ணுக்குள் புதைத்துவிட வேண்டாம்.

கடைசியாக, அந்த 5 என்ற எல்லைக்கோடு வேண்டாம். இரு தரப்பு மதிப்பெண்களின் நம்பகத்தன்மையும் (மீண்டும் அளந்தாலும் அதே எண் வரும் உறுதி) 0.8, பரவல் சமம், இரண்டுக்கும் இடையே ஒட்டுறவு 0.6 என்று வைத்துக்கொண்டால், அவற்றின் வித்தியாசத்தின் நம்பகத்தன்மை 0.5 மட்டுமே. பாதி செய்தி, பாதி இரைச்சல். அதன்மேல் கோடு கிழித்து ஒரு குடும்பத்துக்குப் பெயர் சூட்டுவது நியாயமில்லை. மேலும் குறியை நீக்கிவிட்டு வெறும் வித்தியாசத்தை எடுத்தால், பெற்றோர் கூடுதலாகச் சொன்ன வீடும் பிள்ளை கூடுதலாகச் சொன்ன வீடும் ஒரே கூடையில் விழுந்துவிடும். அதற்குப் பதிலாக, 1986ல் பிளாண்டும் ஆல்ட்மனும் மருத்துவ அளவீடுகளுக்காகப் பரிந்துரைத்த படத்தை வரையுங்கள். ஒவ்வோர் இணைக்கும் இருவரின் சராசரி கிடையச்சில், வித்தியாசம் நிலையச்சில், 58 புள்ளிகள். சராசரி வித்தியாசத்துக்கு மேலும் கீழும் 1.96 திட்ட விலக்கத் (வித்தியாசங்கள் சராசரியைச் சுற்றிப் பரவும் அளவு) தொலைவில் இரண்டு கோடுகள். உறவு சுமாராக உள்ள வீடுகளில்தான் இடைவெளி விரிகிறதா என்பதை அந்தப் படம் ஒரு பார்வையில் காட்டிவிடும்.

தேவகோட்டை ஆச்சி:

தங்கச்சிக்கு வணக்கம். எனக்குக் கணிதம் அவ்வளவாக வராது. ஆனால் குடும்பக் கணக்கெடுப்புகளுக்காக இந்த வட்டாரத்தில் வீடு வீடாகப் போய்ப் பல ஆண்டுகள் கேள்வி கேட்டிருக்கிறேன். கெழுவுக்கு முன்னால் சில செய்திகளைக் கேட்க விரும்புகிறேன்.

முதலில், அந்தப் பிள்ளையைத் தேர்ந்தெடுத்தது யார்? மூன்று பிள்ளைகள் உள்ள ஓர் ஆத்தாவிடம் ‘உங்கள் பிள்ளைகளில் ஒருவருடைய கைப்பேசி எண்ணைத் தாருங்கள்’ என்று கேட்டால், முந்தின நாள் இரவு பேசிய மகளின் எண்ணைத்தான் தருவார். ஐந்து ஆண்டுகளாக முகம் கொடுக்காத மூத்தவனின் எண்ணைத் தரமாட்டார். அப்படிச் சேர்ந்த 58 இணைகளும் நெருக்கமானவர்களாகவே இருப்பார்கள். எல்லாப் பிள்ளைகளின் பெயரையும் முதலில் எழுதிக்கொண்டு, அதன்பின் சீட்டுப் போட்டோ, அடுத்து யாருக்குப் பிறந்தநாள் வருகிறது என்று பார்த்தோ எடுத்திருக்க வேண்டும்.

இரண்டாவது, எங்கே உட்கார்ந்து கேட்டீர்கள்? வீட்டின் முன்பக்க முகப்பில் உட்கார்ந்து கேட்டால் வருகிற விடை ஒன்று, வீட்டின் உட்பகுதியான இரண்டாம் கட்டில் அடுப்படிக்குப் பக்கத்தில் கேட்டால் வருகிற விடை வேறு. முகப்பில் பங்காளி வீட்டுக்காரர் ஒருவர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருப்பார். அவர் காதுபட ‘மகன் என்னைப் புரிந்துகொள்வதில்லை’ என்று எந்த ஐயாவும் சொல்லமாட்டார். ‘ஒரு குறையும் வைக்கவில்லை’ என்பார், நீங்களும் 5 போட்டுக்கொண்டு வருவீர்கள். அதே நேரத்தில் மகன் சிங்கப்பூரில் தன் அறைக்குள் கைப்பேசியில் படிவத்தைத் தனியாக நிரப்பியிருப்பான். அப்போது நீங்கள் அளந்தது இரண்டு தலைமுறைகளுக்கு இடையிலான வேறுபாட்டையா, முகப்புக்கும் மூடிய அறைக்கும் இடையிலான வேறுபாட்டையா? முகப்பில் எடுத்த பேட்டிகளைக் கணக்கிலிருந்து நீக்கிவிடுவதே நல்லது என்பது என் கருத்து.

காலத்தையும் பாருங்கள். மார்கழிப் பிள்ளையார் நோன்புக்கு இழை எடுத்துக்கொள்ளவோ, முன்னோர் வழிபாடான படைப்புக்கோ எல்லாரும் வந்துபோன வாரத்தில் கேட்டால் ஒரு விடை. வீடு காலியாகிக் கிடக்கும் ஆடி மாதத்தில் கேட்டால் வேறு விடை. பெற்றோரிடம் மார்கழியிலும் பிள்ளையிடம் ஆடியிலும் கேட்டிருந்தால் அந்த இணையை எப்படி ஒப்பிடுவீர்கள்?

இன்னொன்று, கலிபோர்னியாக் கேள்விகளைத் தழுவியது பற்றி. பெங்ட்சன் வகுத்த தலைமுறைப் பிணைப்பில் பாசம், தொடர்பு, கருத்தொற்றுமை, உதவி, கடமையுணர்வு ஆகியவற்றோடு, யார் எங்கே வசிக்கிறார்கள் என்ற அமைப்பும் ஒரு கூறு என்று படித்திருக்கிறேன். ஒரே சமையலா, தனிச் சமையலா என்று நீங்கள் கேட்டிருந்தால் அந்தக் கேள்வியை இங்கே அப்படியே கூட்டிவிடாதீர்கள். செட்டிநாட்டு நகரத்தார் வீடுகளில் திருமணமான மகனை வேறுவைப்பது, அதாவது தனிச் சமையலாகப் பிரித்து வைப்பது, மனக்கசப்பால் அன்று, வழக்கத்தால். ஒரே வீட்டு வளவுக்குள் அப்பச்சிக்கு ஓர் உலை, மகனுக்கு ஓர் உலை, அதற்குமேல் ஒட்டு உறவுக்கு ஒரு குறையும் இருக்காது. வெளியூர் ஆய்வாளர் அதைப் பிளவு என்று எழுதிவிடுவார். அப்பச்சி அதை இயல்பு என்று எண்ணி ஒரு மதிப்பெண் போடுவார். சென்னையில் வளர்ந்த மருமகளின் பேச்சைக் கேட்டுப் பழகிய மகன் அதை வேறு விதமாக எண்ணி வேறு மதிப்பெண் போடுவான். இருவரும் உறவைப் பற்றி மாறுபடவில்லை, கேள்வியைத்தான் வேறு வேறாகப் புரிந்துகொண்டார்கள்.

காரைக்குடி ஆய்வு மாணவி:

ஆச்சி, நீங்கள் கேட்ட முதல் கேள்விக்கே எனக்குத் தலைகுனிவுதான். பிள்ளையின் கைப்பேசி எண்ணைத் தந்தது பெரும்பாலும் பெற்றோரே. தனிச் சமையல் பற்றிய கேள்வி இரண்டாம் பகுதியில் இருக்கிறது. அதைக் கூட்டுத்தொகையில் சேர்க்கவில்லை என்பது ஓர் ஆறுதல். தொடர்பு பற்றிய கேள்விகளில்தான் இன்னொரு குழப்பம். ‘வாரத்துக்கு ஒருமுறையாவது பேசுவதுண்டா’ என்பதற்குப் பெரும்பாலான இணைகளில் இருவருமே ‘ஆம்’ என்றிருக்கிறார்கள். இதையாவது நல்ல இசைவு என்று சொல்லலாமா?

புள்ளிக்கணக்கு:

அவசரப்படாதீர்கள். பெற்றோரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேரும், பிள்ளைகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேரும் ‘ஆம்’ என்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் விடைக்கும் மற்றவர் விடைக்கும் எந்தத் தொடர்பும் இல்லாவிட்டால்கூட, இருவரும் ‘ஆம்’ என்பது 81 சதவீதம், இருவரும் ‘இல்லை’ என்பது 1 சதவீதம், ஆக 82 சதவீத இசைவு தற்செயலாகவே வந்துவிடும். இந்தத் தற்செயலைக் கழித்துவிட்டு மீதியைச் சொல்வதற்காகத்தான் ஜேகப் கோஹன் 1960ல் கப்பா என்ற அளவைக் கொண்டுவந்தார். ‘தினமும், வாரம் ஒருமுறை, மாதம் ஒருமுறை, ஆண்டுக்கு ஒருமுறை’ என்று படிப்படியான விடைகளுக்கு 1968ல் அவரே தந்த எடையிட்ட கப்பா பொருந்தும். தினமும் என்பதற்கும் வாரம் ஒருமுறை என்பதற்கும் உள்ள பிசகை, தினமும் என்பதற்கும் ஆண்டுக்கு ஒருமுறை என்பதற்கும் உள்ள பிசகோடு அது சமமாக வைக்காது. ஆனால் ஏறத்தாழ எல்லாருமே ஒரே விடையைச் சொல்லும் கேள்வியில் கப்பா மிகவும் தாழ்ந்து வந்து உங்களைத் திகைக்க வைக்கும். ஆகவே இருவரின் ‘ஆம்’, ‘இல்லை’ எண்ணிக்கைகளைக் காட்டும் நான்கு கட்ட அட்டவணையையும் கூடவே அச்சிட்டுவிடுங்கள்.

ஆச்சி சொன்னவற்றில் ஒன்றை மட்டும் நான் ஏற்கவில்லை. முகப்புப் பேட்டிகளை நீக்கிவிட்டால் மிஞ்சுவது எத்தனை இணை என்று தெரியாது. நீக்குவதும் ஒருவகைத் தேர்வுதான். பேட்டியின்போது பிறர் உடனிருந்தாரா என்பதை ஒரு மாறியாகச் சேர்த்து, உடனிருந்த வீடுகளில் இடைவெளி கூடுகிறதா என்று பாருங்கள். ஆச்சியின் ஐயம் சரியென்றால் அது எண்ணிலேயே தெரியும்.

ஊரில் எல்லாரும் ஒரே மாதிரி விடை சொல்வதால் வரும் சிக்கலுக்கும் ஒரு வழி இருக்கிறது. எந்த வீட்டிலும் மரியாதை பற்றிய கேள்விக்கு அதிகமும், மனம் விட்டுப் பேசுவது பற்றிய கேள்விக்குக் குறைவும் விழும். ஆகவே ஓர் இணையின் ஆறு விடைகளையும் வரிசையாக ஒப்பிட்டால், முன்பின் அறியாத இருவருடைய விடைகளும்கூட ஒத்திருப்பதுபோலத் தெரியும். கண்டனூர் ஆத்தாவின் விடைகளைப் பள்ளத்தூர் வீட்டு மகளின் விடைகளோடு சேர்த்துப் பொய் இணைகளை உண்டாக்குங்கள். அந்தப் பொய் இணைகளில் வரும் ஒற்றுமையைவிட மெய் இணைகளில் வரும் ஒற்றுமை எவ்வளவு கூடுதலோ, அவ்வளவுதான் அந்தத் தாய்க்கும் மகளுக்கும் சொந்தமானது. கிரான்பாக் 1955லேயே எச்சரித்த செய்தி இது. கென்னியும் அசிட்டெல்லியும் 1994ல் தம்பதிகளின் ஒற்றுமையை அளப்பது பற்றி எழுதியபோது இதை விரிவாகப் பேசினார்கள். ஆறே கேள்விகள் என்பதால் ஒவ்வோர் இணைக்கும் தனித்தனியாக வரும் எண்ணை நம்பாதீர்கள், மொத்தத்தின் சராசரியைப் பாருங்கள்.

சிங்கப்பூர் மகன்:

இந்த இழையை இரண்டு நாட்களாகப் படித்து வருகிறேன். நான் ஆய்வாளன் அல்லன். கோட்டையூரில் அப்பச்சியும் ஆத்தாவும் இருக்க, இங்கே பதினாறு ஆண்டுகளாக வேலை பார்ப்பவன். உங்கள் வினாப்பட்டியல் எனக்கு வந்திருந்தால் என்ன எழுதியிருப்பேன் என்று எண்ணிப் பார்த்தேன்.

பண உதவி பற்றிய கேள்விக்கு நான் மாதந்தோறும் அனுப்பும் தொகையை எழுதியிருப்பேன். அப்பச்சி ‘உதவி பெறுவதில்லை’ என்று எழுதியிருப்பார், அதில் பொய்யும் இல்லை. நான் அனுப்பும் பணத்தை அவர் வீட்டுக் கூரை ஓடு மாற்றுவதற்கும் கோயில் புள்ளிவரிக்கும் (திருமணமான ஒவ்வொரு குடும்பமும் ஒரு புள்ளியாகக் கோயிலுக்குக் கட்டும் வரி) என் பேரில் செலவு எழுதி வைத்திருக்கிறார். அவர் கணக்கில் அது என் பணம், என் வீடு, என் புள்ளி. என் கணக்கில் அது அவருக்கு நான் செய்யும் உதவி. உங்கள் அட்டவணையில் நாங்கள் இருவரும் முரண்பட்டவர்களாக விழுவோம்.

நெருக்கம் பற்றிய கேள்விக்கு நான் 3 போட்டிருப்பேன். அவர் 5 போட்டிருப்பார். ஆனால் அவர் 5 போடுவார் என்பது எனக்கு முன்கூட்டியே தெரியும். நான் 3 போடுவேன் என்பது அவருக்குத் தெரியுமா என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. உங்கள் ஆய்வில் அதைக் கேட்க இடமிருக்கிறதா?

புள்ளிக்கணக்கு:

தம்பி கேட்டதுதான் இந்த இழையிலேயே நல்ல கேள்வி. லெயிங், பிலிப்சன், லீ ஆகிய மூவரும் 1966ல் இதற்கு ஒரு முறையை அமைத்தார்கள். ‘உறவைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்’ என்பதோடு ‘அவர் என்ன விடை சொல்வார் என்று நினைக்கிறீர்கள்’ என்றும் கேட்பது. என் விடையும் உங்கள் விடையும் பொருந்தினால் அது ஒத்த கருத்து. உங்கள் விடையை நான் சரியாக ஊகித்தால் அது புரிதல். நீங்கள் என்னைப் போலவே நினைப்பதாக நான் எண்ணிக்கொண்டிருந்தால், அது உண்மையாகவும் இருக்கலாம், வெறும் எண்ணமாகவும் இருக்கலாம். தம்பியின் வீட்டில் ஒத்த கருத்து குறைவு, மகனின் புரிதல் அதிகம், தந்தையின் புரிதல் எவ்வளவு என்று தெரியாது. இந்த மூன்றையும் ஓர் எண்ணில் அடக்க முடியாது.

மாணவிக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் முதியோர் பற்றிய பெரிய ஆய்வில் 2017-18ல் நடந்த முதல் சுற்றில் 45 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களும் அவர்களுடைய வாழ்க்கைத் துணைகளுமாக 72,000க்கும் அதிகமானோரைச் சந்தித்தார்கள். ஆனால் வெளியூரில் இருக்கும் பிள்ளையைத் தேடிப்போய் அதே கேள்வியைக் கேட்பது அந்த ஆய்வின் அமைப்பில் இல்லை. இரு தரப்பையும் கேட்ட 58 இணைகள் சிறியதுதான், ஆனாலும் அதைக் குறைவாக எண்ணிவிடாதீர்கள். இணைகளைத் தேர்ந்தெடுத்த முறையை மட்டும் ஒளிக்காமல் எழுதிவிடுங்கள்.

காரைக்குடி ஆய்வு மாணவி:

அனைவருக்கும் நன்றி. நெறியாளரிடம் அந்த ஐந்து வீட்டுக் கற்பனைக் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டினேன். சற்று நேரம் பார்த்துவிட்டு, ஒட்டுறவையும் சராசரி இடைவெளியையும் தனித்தனித் தலைப்பில் எழுதச் சொன்னார். பிளாண்ட்–ஆல்ட்மன் படத்தை வரைந்துவிட்டேன். கோடுகள் நான் நினைத்ததைவிட மிகவும் விலகி நிற்கின்றன.

இனிமேல் சேர்க்கும் இணைகளுக்குப் பிள்ளையைச் சீட்டுப் போட்டே எடுப்பதென்று முடிவு செய்திருக்கிறேன். அவற்றைப் பழைய 58 இணைகளோடு கலக்காமல் தனியே வைப்பேன். ‘அவர் என்ன சொல்வார்’ என்ற கேள்வியை நெருக்கம், புரிதல் ஆகிய இரண்டுக்கு மட்டும் சேர்க்கிறேன். ஆறுக்கும் கேட்டால் பெரியவர்கள் களைத்துப்போவார்கள். பண உதவிக் கேள்வியை, ‘யார் கையிலிருந்து யார் கைக்கு’ என்றும் ‘அது யாருடைய பணம் என்று நினைக்கிறீர்கள்’ என்றும் இரண்டாகப் பிரித்துவிட்டேன்.

யார் உடனிருந்தார் என்பதைப் படிவத்தில் குறிக்கவில்லை. ஆனால் களக் குறிப்பேட்டில் ஒவ்வொரு வீட்டிலும் யார் காப்பி கொண்டுவந்து கொடுத்தார்கள் என்று எழுதும் பழக்கம் எனக்கு உண்டு. அதை வைத்து ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். இதுவரை பார்த்த 20 வீடுகளில் பெற்றோர் தனியாக இருந்தது நான்கில் மட்டுமே.